பெட்டியின் மேல் இருந்த எண்

கணிப்பொறியின் செய்தியைத் தொலைபேசிக் கம்பிக்கு ஏற்ற ஒலியாக மாற்றுவதும், வந்த ஒலியை மீண்டும் செய்தியாக்குவதும் மோடத்தின் பணி. 1990-களில் விற்ற மோடங்கள் பலவற்றில் ஃபாக்ஸ் வசதியும் சேர்ந்திருந்தது. தாளில் அச்சிடாமலேயே கடிதத்தைக் கணிப்பொறியிலிருந்து நேராக அனுப்பலாம். எழுத்துகளும் தெளிவாக விழும். இது உண்மையான நன்மையே. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் வாங்குவோரைக் குழப்பியது.

1994-இல் வி.34 என்ற தரம் வந்தது. அதன்படி அமைந்த மோடம் வினாடிக்கு 28,800 பிட் அனுப்பும். ஃபாக்ஸும் அதே வேகத்தில் போகும் என்று வாங்கியவர் நினைப்பது இயல்பு. ஆனால் அந்த எண் கணிப்பொறித் தகவலுக்கு மட்டுமே உரியது. வழக்கமான ஃபாக்ஸின் உச்ச வேகம் 14,400 பிட். மறுமுனையில் பழைய எந்திரம் இருந்தால் 9,600தான். கம்பியில் இரைச்சல் மிகுந்தால் இன்னும் குறையும். பின்னர் 33,600 பிட் வேக ஃபாக்ஸும் வந்தது. ஆனால் இரு முனைகளும் அவ்வகையாக இருந்தால்தான் பயன்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஃபாக்ஸில் ஒரு வரிக்கு 1,728 புள்ளிகள். ஏ4 தாளுக்குச் சுமார் 1,140 வரிகள். ஆக, ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். அப்படியே அனுப்பினால் 9,600 பிட் வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு மேலாகும். வெள்ளை இடங்களைச் சுருக்கமான குறிகளாக மாற்றுவதால்தான் சாதாரணக் கடிதம் ஒரு நிமிட அளவில் போய்ச் சேருகிறது. தொடக்கத்தில் இரு எந்திரங்களும் பேசி உடன்படுவதோ வெறும் 300 பிட் வேகத்தில்! விலையுயர்ந்த மோடமும் இந்த நேரத்தை மிச்சப்படுத்தவில்லை.

வேகத்தைவிடப் பெரிய குறை, பொருத்தமின்மை. மோடத்துக்கும் கணிப்பொறி நிரலுக்கும் இடையே வேலையைப் பங்கிட மூன்று வகுப்புகள் இருந்தன. முதல் வகுப்பில் உரையாடலைக் கணிப்பொறியே நடத்தும். அது வேறு வேலையில் மூழ்கித் தாமதித்தால் இணைப்பு அறுந்துவிடும். இரண்டாம் வகுப்பில் அப்பொறுப்பு மோடத்தினுடையது. ஆனால் தரம் முடிவாகும் முன்பே, வரைவை நம்பி உற்பத்தியாளர்கள் மோடங்களைச் செய்துவிட்டனர். முடிவான தரம் வேறுபட்டதால் அதற்கு 2.0 என்று தனிப் பெயர் தர வேண்டியதாயிற்று. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதோடு ஒத்துப்போகவில்லை.

பெட்டியின் மேல் ஃபாக்ஸ் வேகத்தையும் வகுப்பையும் தெளிவாக அச்சிட்டிருந்தால் பலருடைய பணம் வீணாகியிருக்காது. கருவி எதுவானாலும் அதன் உச்ச வேகத்தை மட்டும் கேட்பது போதாது. எந்த வேலைக்கு, எதனோடு சேரும்போது அந்த வேகம் என்றும் கேட்க வேண்டும்.