ஸ்மார்ட் வீடும் ஐநூற்றோராவது யூனிட்டும்

உத்தமபாளையத்தில் தம்பி வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். மாடிக்கு கான்கிரீட் போட்டாச்சு, பூச்சு வேலை ஓடுது. போன மாதம் ஊருக்குப் போனபோது ஒரு வழவழப்பான விளம்பரத் தாளை நீட்டினான். ஸ்மார்ட் ஹோம் பேக்கேஜ், ஒன்றேகால் லட்சம். "அண்ணே, இதப் போட்டா கரண்டு பில்லு முப்பது சதவீதம் குறையும்னு போட்டிருக்காங்க, பாருங்க" என்றான். அந்தப் பணம் மொட்டைமாடியில் தட்டோடு பதிக்க அவன் ஒதுக்கி வைத்தது. வங்கிக் கடன் வேறு. ஏதாவது ஒன்றுதான் நடக்கும்.

அதற்குப் பிறகு இந்த மாதிரி எழுத்துகளையும் வீடியோக்களையும் தேடித் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரே அச்சு. அவற்றில் எனக்குப் பட்ட கோளாறுகள் மூன்று.

முதல் கோளாறு, கடன் வாங்கிய எண்கள். சதவீதக் கணக்குகள் பலவற்றுக்கும் மூலம் அமெரிக்க வீடுகள். கூகுளின் நெஸ்ட் தெர்மோஸ்டாட் பற்றி 2015இல் வந்த அறிக்கை, வெப்பமூட்டும் செலவில் 10 முதல் 12 சதவீதமும் குளிரூட்டும் செலவில் சுமார் 15 சதவீதமும் மிச்சம் என்றது. அங்கே வீடு முழுக்க ஒரே எந்திரம் ஓடும், ஆள் இல்லாத அறைக்கும் சேர்த்து. நம்ம ஊரில் ஏ.சி. இருந்தாலும் ஒரு படுக்கையறையில் இருக்கும். கதவைச் சாத்தி, படுக்கும்போது போட்டு, விடியற்காலையில் அம்மா எழுந்து அணைத்துவிடுவார். அந்தப் புத்திசாலி எந்திரம் செய்கிற வேலையை அம்மா ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். ஆடிக் காற்று கம்பம் கணவாய் வழியாக இறங்கும் மாதங்களில் ஏ.சி.யே வேண்டாம்.

இரண்டாவது, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்துப் பெருக்குவது. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணம் அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் இருந்தால் அடுத்த 100க்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் மொத்தக் கணக்கும் வேறு அட்டவணைக்குப் போகும்: 101 முதல் 400 வரை முழுக்க 4.50, 500 வரை 6, அதற்கு மேல் 8. தொகை 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024இல் விகிதம் கொஞ்சம் ஏறியது, ஆனால் படிக்கட்டு அதே படிக்கட்டுதான்.

இதை வைத்துப் பார்த்தால் யாருக்கு லாபம் என்பது தெளிவாகும். வழக்கமான சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடும் இரண்டு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் சுமார் 65 யூனிட் மிச்சம். 540 யூனிட் ஓட்டும் வீட்டில் பில் 2,270இலிருந்து 1,575க்கு இறங்கும், 695 ரூபாய் கையில் நிற்கும். 300 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு அதே 65 யூனிட் சுமார் 292 ரூபாய்தான். 100 யூனிட்டுக்குள் ஓட்டும் கூலி வேலைக்காரர் வீட்டில் எதை மாற்றினாலும் பில்லில் ஒரு பைசா மிச்சம் கிடையாது. அவர் பில்தான் ஏற்கெனவே பூஜ்யம் ஆச்சே. "எல்லோருக்கும் மிச்சம்" என்று எழுதுகிறவர்கள் இந்த மூன்று வீட்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது கோளாறுதான் பெரியது. சிக்கனத்தையும் ஸ்மார்ட்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டுவது. மேலே சொன்ன மிச்சம் ஃபேனின் மோட்டாரால் வந்தது, செல்போனால் அல்ல. பல்பைப் பாருங்கள். 9 வாட் எல்.இ.டி. தினம் 4 மணி நேரம் எரிந்தால் 36 வாட்-மணி. அதையே ஸ்மார்ட் பல்பாக்கினால், அணைந்திருக்கும் 20 மணி நேரமும் வைஃபைக்காகக் காத்துக் கிடக்கும். அரை வாட் என்றே வைத்தாலும் 10 வாட்-மணி. எரியும் செலவில் கால்வாசிக்கு மேல், சும்மா இருப்பதற்கே! முழுசாக எரியாமலே வைத்திருந்தாலும் இரண்டு மாதத்தில் மிச்சம் இரண்டு யூனிட் சொச்சம்தான்.

ஸ்மார்ட் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டம் எந்த அளவில் இருக்கிறது என்று தினம் காட்டும் கருவி, 480இல் நிற்கும் குடும்பத்துக்கு உண்மையிலேயே உதவும். முழங்கால் வலியுள்ளவருக்குப் படுத்தபடியே விளக்கணைப்பது பெரிய விஷயம். ஆனால் அது வசதி. வசதியை வசதி என்று சொல்லி விற்கலாம், வருமானம் என்று விற்கக் கூடாது. ஓட்டம் தெரிய மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்து ஈ.பி. அட்டையில் உள்ள பழைய எண்ணைக் கழித்தாலும் போதும்.

இந்தக் கட்டுரைகளில் கூரை அநேகமாக வருவதே இல்லை. வெறும் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து ராத்திரி உள்ளே கக்குகிறது. "தளத்துல இருந்து அனல் இறங்குதுப்பா, கட்டில்ல படுக்க முடியல" என்று அம்மா பழைய வீட்டில் சித்திரை முழுக்கச் சொல்வார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிப்பது வெப்பத்தைத் தாமதப்படுத்தும். வெள்ளை அடித்தால் வெயில் பெரும்பகுதி திரும்பிப் போகும். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றையே கொண்டுவந்தது. இதற்கு ஆப் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, இணையம் போனால் நிற்பதும் இல்லை. ஏ.சி. இல்லாத வீட்டுக்கும் பலன் உண்டு, அது பில்லில் தெரியாது, தூக்கத்தில் தெரியும்.

தம்பியிடம் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதலில் தட்டோடு, அப்புறம் ஃபேன், மீதி இருந்தால் ஸ்மார்ட். அவனுக்குப் பாதி மனசுதான். "பக்கத்து வீட்ல எல்லாம் போட்டுட்டாங்கண்ணே" என்றான். அதுக்கு என் கணக்கில் பதில் இல்லை. ஆனாலும் மறுநாள் கொத்தனாரிடம் தட்டோடு விலை விசாரித்ததாக அம்மா போனில் சொன்னார்.