நொடிக்கு 11 மெகாபைட்

வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்துவைக்கும் நாஸ் பெட்டிக்குள் பெரிய வீடியோ ஃபைல் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. வேகம் நொடிக்கு 11.2 மெகாபைட். கொஞ்ச நேரத்தில் 11.3, மறுபடி 11.2. அதற்கு மேல் ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. இந்த வேலையில் ஊறிய ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் நாஸின் செட்டிங்ஸைத் திறக்க மாட்டார். “கேபிளைக் காட்டுங்க” என்பார்.

இதை நான் ஒரு கலையாகவே பார்க்கிறேன். ஃபைல் மெதுவாகப் போகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற விஷயம். ஆனால் ஒவ்வொரு மந்தத்துக்கும் தனக்கென்று ஓர் எண்ணும் ஒரு வடிவமும் உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் எதையும் தொடுவதற்கு முன்பே பாதி தூரம் வந்துவிடுகிறார்.

11 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். நெட்வொர்க்கின் வேகத்தை பிட்டில் சொல்கிறோம், காப்பி ஜன்னல் பைட்டில் காட்டுகிறது. 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டும் சுமக்கிற முகவரிகளையும் பாக்கெட்டுகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளியையும் கழித்தால் 11 சொச்சம் மிஞ்சும். தடுமாறுகிற ஹார்ட் டிஸ்க் இத்தனை சமமாக ஓடாது. வைஃபையும் ஓடாது. ஆகவே பாதையில் எங்கோ இரண்டு கருவிகள் கிகாபிட் பேசவேண்டிய இடத்தில் 100 மெகாபிட்டுக்கு ஒத்துக்கொண்டிருக்கின்றன. ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் போர்ட்டாக இருக்கலாம். இல்லையென்றால் குற்றம் கேபிளில். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு எட்டில் நாலு கம்பிகள் போதும்: கனெக்டரில் 1, 2, 3, 6 என்ற இடங்களில் உட்காரும் ஆரஞ்சு, பச்சை ஜோடிகள். 1999இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட்டுக்கோ எட்டும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரே ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் போனாலும் பல சிப்புகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் வருகிறது, படம் ஓடுகிறது, யாரும் புகார் சொல்வதில்லை. நம் ஊர் வீடுகளில் கேமராவுக்கோ பிராட்பேண்டுக்கோ சுவருக்குள் இழுத்த பழைய கேபிள்களில் நாலு கம்பியை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டு மற்றதை வெட்டி விட்டிருப்பது சகஜம். நாஸ் வாங்கி வைக்கிற அன்றுதான் அது வெளியே வரும். ஒரு டெராபைட் புகைப்படங்களை 11இல் அனுப்பினால் 25 மணி நேரம் ஆகும். எட்டுக் கம்பியும் வேலை செய்தால் இரண்டரை மணி நேரம்.

இப்படிப் பழக்கமான எண்கள் இன்னும் உண்டு. 110க்கும் 118க்கும் இடையில் நேர்கோடாக நின்றால் கிகாபிட் தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறது. அங்கே தேடுவதற்கு ஒன்றுமில்லை. நாஸின் பின்னால் செருகிய வெளி டிஸ்க் 30இலிருந்து 40க்குள் சுற்றிக்கொண்டிருந்தால் அது பழைய யுஎஸ்பி 2 வாசல் வழியாகப் போகிறது என்று பொருள். 2012இல் வந்த விண்டோஸ் 8, காப்பி ஜன்னலுக்குள் பச்சை நிறத்தில் ஒரு வரைபடத்தை வைத்தது. பலரும் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப்போகிறார்கள். நான் அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறாமல் இறங்காமல் மட்டமாகப் போகும் கோடு கம்பியின் எல்லை. நடுங்கிக்கொண்டே போகும் கோடு பெரும்பாலும் வைஃபை. உயரத்தில் தொடங்கி, சில ஜிபி தாண்டியதும் மடிந்து விழும் கோடு, ராம் நிரம்பி இப்போதுதான் டிஸ்க்கின் உண்மையான வேகம் தெரிகிறது என்பதற்கு அடையாளம். லினக்ஸில் ஓடும் நாஸ் வந்த டேட்டாவை முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகுதான் டிஸ்க்கில் எழுதும். ஆரம்பத்து வேகத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் பார்த்தது ராமைத்தான்.

வடிவம் ஊகத்தைத் தரும். அதை உறுதிப்படுத்த, பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே நிறுத்திக் கேட்கவேண்டும். இந்தக் கலையின் உயிர் அந்தப் பிரித்தலில் இருக்கிறது. அதற்கு ஒரு பரம்பரையே உண்டு. அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், 1983 டிசம்பரில் ஒரே இரவில் எழுதியதுதான் ‘பிங்’. மறுமுனை உயிரோடு இருக்கிறதா, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று மட்டும் கேட்கும். அடுத்த ஆண்டே அவரும் டெரி ஸ்லாட்டரியும் ‘டிடிசிபி’யை எழுதினார்கள். ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு டேட்டாவைத் தள்ளி, நேரத்தைக் குறிக்கும். அவ்வளவுதான். டிஸ்க் அதில் இல்லை, ஃபைல் இல்லை, ஃபோல்டர் இல்லை. எத்தனை எளிமையான யோசனை! கம்பியைப் பற்றித் தெரியவேண்டுமானால் கம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அறையை விட்டு வெளியே அனுப்பிவிடுவது.

இன்று அந்த வேலையை ‘ஐபெர்ஃப் 3’ செய்கிறது. அறிவியல் ஆய்வுக்கூடங்களை இணைக்கும் அமெரிக்காவின் ஈஎஸ்நெட் அமைப்பு பராமரிப்பது. நாஸில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று ஓடவிட்டால் பத்து நொடிக்கு, நொடிக்கு ஒரு வரியாக எழுதிக்கொண்டு வரும். 940 மெகாபிட் என்று வந்தால் கம்பியின் மீது குற்றமில்லை. லினக்ஸில் ஓட்டினால் பக்கத்திலேயே மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையும் வரும். சுத்தமான கேபிளில் அது பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். பூஜ்யங்கள் வரிசையாக இறங்குவதைப் பார்ப்பதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது, எதிர்த்திசையிலும் ஓடவிடவேண்டும். போகும்போது ஒழுங்காகவும் வரும்போது பாதி வேகத்திலும் ஓடுகிற இணைப்புகள் நிறைய உண்டு.

கருவியே இல்லாத ஒரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். நாஸிலிருந்து இரண்டு ஜிபி ஃபைல் ஒன்றை லேப்டாப்புக்குக் காப்பி செய்யுங்கள். வந்ததை அழித்துவிட்டு உடனே அதே ஃபைலை மறுபடி காப்பி செய்யுங்கள். முதல் தடவை படித்தது நாஸின் ராமில் இன்னும் இருக்கும். ராம் போதுமானதாக இருந்தால் இரண்டாம் தடவை டிஸ்க்கைத் தொடவேண்டியதே இல்லை. இரண்டாவது வேகமாக வந்தால் சந்தேகம் டிஸ்க் பக்கம் சாய்கிறது. இரண்டும் ஒரே மாதிரி வந்தால் கம்பியையோ ப்ராசஸரையோ பார்க்கவேண்டும். ஒரு ரூபாய் செலவில்லை, ஒரு செட்டிங் மாறவில்லை.

மந்தத்தை ஆராய்ந்தவர்களில் நான் மிக உயரத்தில் வைத்திருப்பவர் வான் ஜேக்கப்சன். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஓடிய இணைப்பு, நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டு இடங்களுக்கும் நடுவே 400 கஜ தூரம்தான். நடந்து போய்க் காகிதத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். எண்ணூறில் ஒரு பங்காக வேகம் குறைந்தபோது, எந்தக் கருவி பழுது என்று தேடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஜேக்கப்சனும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த மைக் கேரல்ஸும் பார்த்தது வேறு. எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ஒவ்வொரு கணினியும் தனக்குச் சொன்ன விதிப்படியே நடந்தது. எடுத்த எடுப்பில் முழு அளவைக் கொட்டுவது, பதில் தாமதமானால் தொலைந்துவிட்டதென்று நினைத்து மறுபடி அனுப்புவது. எல்லோரும் அப்படிச் செய்ததில் பாதை முழுவதும் மறு அனுப்பல்களால் நிரம்பிவிட்டது. ஓடுகிற நிலையில் ஒரு பழைய பாக்கெட் வெளியேறிய பிறகே புதியது ஒன்று உள்ளே போகட்டும் என்பதும், தொடக்கத்தில் கொஞ்சமாக விட்டுப் பதில் வரவர ஏற்றிக்கொண்டே போகலாம் என்பதும் அவர்கள் கண்ட வழி. 1988இல் அது கட்டுரையாக வந்தது. உங்கள் வீட்டு நாஸுக்கு இன்றைக்குப் போகிற ஒவ்வொரு ஃபைலும் அந்த முறையின் வழித்தோன்றலோடுதான் தொடங்குகிறது. பாதையைத் தடம் பார்க்கும் ‘டிரேஸ்ரூட்’ ஜேக்கப்சன் எழுதியது. கம்பியில் போவதைத் திறந்து காட்டும் ‘டிசிபி டம்ப்’பை எழுதியவர்களிலும் அவர் ஒருவர். பார்க்கமுடியாத இடத்தில் ஊகித்துக்கொண்டிருக்காமல் பார்ப்பதற்கான கண்ணையே செய்துகொண்டவர்.

டிஸ்க்கின் மந்தம் வேறு ரகம். அதில் மிக நுட்பமானது எஸ்எம்ஆர் டிஸ்க்குகளின் மந்தம். கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடும்படி எழுதி, அதே தட்டில் அதிகம் அடைப்பது இதன் வழி. நடுவிலுள்ள ஓட்டை மாற்றவேண்டுமானால் மேலே படிந்தவற்றையும் எடுத்து அடுக்கவேண்டும். அந்தச் சிரமம் உடனே தெரியாமலிருக்க, டிஸ்க் முதலில் சாதாரணமாக எழுதும் ஒரு சிறு பகுதியில் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும். அது நிரம்பும்வரை வேகம் அற்புதமாக இருக்கும். பிறகு அதலபாதாளம். ராம் நிரம்பி விழும் கோட்டையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ராம் சில நொடிகளில் நிரம்பிவிடும். இது பத்து, இருபது நிமிடம் கழித்து வரலாம். பெட்டியை இரவு முழுக்கச் சும்மா விட்டால் டிஸ்க் தன் வேலையை முடித்துக்கொண்டு காலையில் மறுபடி வேகமாக ஓடும். முந்தின நாள் இரவு ஊர்ந்தது காலையில் பறந்தால், இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

இந்த ரக டிஸ்க்குகளைப் பெரிய நிறுவனங்கள் விவரத்தாளில் சொல்லாமலே விற்றுவந்தது 2020 ஏப்ரலில் வெளிவந்தது. நாஸுக்கென்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலானவை அதில் அடக்கம். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ரெய்டில் கெட்ட டிஸ்க்கை மாற்றிப் புதியதை நிரப்பும்போது அது திணறுவதைக் கண்ட பயனர்கள்தான் விடாமல் கேட்டுக் கேட்டு உண்மையை வரவழைத்தார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம் பழைய முறையில் எழுதும் டிஸ்க்குகளுக்கு ‘ரெட் பிளஸ்’ என்று தனிப் பெயரே வைக்கவேண்டி வந்தது. தங்கள் வீட்டுப் பெட்டியின் மந்தத்தை அக்கறையோடு அளந்தவர்கள் சாதித்த காரியம் இது. எனக்கு அவர்கள்மீது பெரிய மரியாதை.

ஹார்ட் டிஸ்க் சத்தத்துக்குக்கூட அசையும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், 2008இன் கடைசி நாளில் வெளியான ஒரு வீடியோவில், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் வரிசைக்கு முன்னால் நின்று முழுக்குரலில் கத்துகிறார். திரையில் அந்தக் கணமே டிஸ்க்குகளின் தாமதம் எகிறிக் காட்டுகிறது. நாஸை ஆடுகிற ஷெல்ஃபில், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

சின்ன ஃபைல்கள் கூட்டமாகப் போகும்போது கம்பியும் டிஸ்க்கும் நன்றாக இருந்தாலும் வேகம் படுத்துவிடும். ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, பெயர் பார், எழுது, தேதி குறி, மூடு என்று போய்வரும் பேச்சு இருக்கிறது. ஃபைல் ஒன்றுக்கு 20 மில்லிநொடி பிடித்தால் நொடிக்கு 50 ஃபைல்தான். ஒவ்வொன்றும் 20 கிலோபைட் என்றால் நொடிக்கு ஒரு மெகாபைட். இந்தப் பேச்சைப் பாக்கெட்டுகளைத் திறந்து காட்டும் ‘வயர்ஷார்க்’கில் வரிவரியாகப் பார்க்கலாம். பெரும்பாலான வீட்டு நாஸ்களில் ஓடும் ஃபைல் பகிர்வு மென்பொருளான ‘சாம்பா’ பிறந்ததே இப்படிப் பார்த்ததில்தான். கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கம்பியில் போகும் பாக்கெட்டுகளைக் கவனித்தே அந்த மொழியைப் புரிந்துகொண்டு 1992 ஜனவரியில் முதல் வடிவத்தை வெளியிட்டார். சின்ன ஃபைல்களுக்கு மருந்து பழையது: எல்லாவற்றையும் ஒரே ‘டார்’ கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டு அங்கே பிரித்துக்கொள்வது.

வேகம் குறைந்தால் ஜம்போ ஃப்ரேமைப் போடு என்று சொல்பவர்கள் அதிகம். பாக்கெட்டின் அளவை 1500 பைட்டிலிருந்து 9000 ஆக்குவது அது. கிகாபிட்டில் அதனால் 118 மெகாபைட் 124க்குப் பக்கத்தில் போகும். பாதையில் ஒரே ஒரு கருவி அதை ஏற்காவிட்டால் சில இணைப்புகள் காரணம் தெரியாமல் தொங்கிப்போகும். அளந்து பார்க்காமல் மாற்றுகிற செட்டிங் ஒவ்வொன்றும் அடுத்து வருபவரின் வேலையைக் கெடுக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதற்கு முன்னும் பின்னும் எண்ணைக் குறித்துக்கொள்வது: கைதேர்ந்தவரை நான் அடையாளம் காண்பது இந்த இரண்டையும் வைத்துத்தான்.

கண்டுபிடித்த எல்லா மந்தத்தையும் நீக்கவேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, ஃபைல் பகிர்வுக்காக நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் இருக்கவேண்டும் என்பது இயல்பு நிலையாகிவிட்டது. நடுவில் யாரும் மாற்றிவிடவில்லை என்பதற்கான காப்பு அது. பலவீனமான ப்ராசஸர் கொண்ட பழைய நாஸ், கம்பி 940 காட்டியும், டிஸ்க் சும்மா இருந்தும், கணக்குப் போடுவதிலேயே மூச்சுத் திணறும். காப்பி ஓடும்போது நாஸின் ப்ராசஸர் 100 சதவீதத்தில் நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். கையொப்பத்தை அணைத்தால் வேகம் திரும்பிவிடும். என்னிடம் கேட்டால் அணைக்கச் சொல்ல மாட்டேன். நொடிக்கு 60 மெகாபைட்தான் வருகிறது என்றாலும், இரவு படுக்கப் போகும்போது தொடங்கிவிட்டால் ஒரு டெராபைட் ஐந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.