ரெம்பிராண்டின் ஓவியத்தில் மன்னியாதவனின் இடம்

லூக்கா நற்செய்தியில் (15:11–32) வரும் உவமையைத் தமிழ்க் கிறித்தவர் ‘கெட்ட குமாரன்’ என்றும் ‘ஊதாரி மகன்’ என்றும் வழங்குவர். இப்பெயர்கள் இளையவனையே கதையின் தலைவனாக்குகின்றன. உவமையின் முதல் தொடரோ புதல்வர் இருவரையும் சேர்த்தே அறிமுகம் செய்கிறது. இவ்வுவமையை ரெம்பிராண்ட் தம் இறுதிக் காலத்தில், 1668 அளவில், பேரோவியமாகத் தீட்டினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வோவியம் மறக்கப்பட்ட மூத்தவனுக்கு உரிய இடத்தை மீட்டுத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதே காட்சியை அவர் 1636-இல் செதுக்கோவியமாக அமைத்திருந்தார். அதில் எல்லாம் விரைவு: தந்தை குனிகிறார், மகனின் முகம் துயரால் கோணியிருக்கிறது, ஒரு பெண் சாளரத்தைத் திறக்கிறாள். பிந்திய ஓவியத்தில் அசைவே இல்லை. மழித்த தலை, தேய்ந்த காலணி, வெறுமையான இடப்பாதம் ஆகியவற்றோடு இளையவன் மண்டியிட்டிருக்கிறான். அவன் முகம் நமக்கு முழுமையாகத் தெரிவதில்லை. வலப்புறத்தில், தந்தையைப் போலவே செம்மேலாடை அணிந்த ஒருவர் கைகளைக் கோத்து நிற்கிறார். இவரை மூத்த மகன் என்றே பெரும்பாலோர் கொள்வர். ஒளி அவர் முகத்திலும் விழுகிறது. அவருக்கும் தந்தைக்கும் நடுவே இருள் கிடக்கிறது.

உவமையின்படி, தம்பி வந்த வேளையில் அண்ணன் வயலில் இருந்தான். தழுவலை அவன் காணவில்லை. வேறுபட்ட இரு தருணங்களை ஒன்றாக்கி, மன்னிப்பின் சாட்சியாக மன்னிக்காதவனை ஓவியர் நிறுத்துகிறார். அவன் மனக்குறைக்குக் காரணம் உண்டு. சொத்து முன்னரே பங்கிடப்பட்டுவிட்டது. எஞ்சியது அவனுக்கு உரியது. விருந்துக்கு அடிக்கப்பட்ட கன்றும் அதில் சேரும். தந்தையின் மன்னிப்புக்கு விலை கொடுப்பவன் அவனே. அவனை யாரும் கேட்கவில்லை. தந்தையிடம் பேசும்போது ‘தம்பி’ என்ற உறவுச்சொல்லையே அவன் தவிர்க்கிறான். தந்தை அதை மறுமொழியில் திருப்பித் தருகிறார். அழைப்பை ஏற்று அவன் வீட்டுக்குள் சென்றானா என்பதை லூக்கா கூறவில்லை.

ஹென்றி நௌவன் 1992-இல் இவ்வோவியம் பற்றி எழுதிய நூல், வாசகரை இளையவனிலிருந்து மூத்தவனுக்கும் அவனிலிருந்து தந்தைக்கும் நடத்திச் செல்கிறது. பலருக்கு ஆறுதலளித்த நூல் அது. எனினும் அந்நடையில் மூத்தவன் கடந்து செல்லவேண்டிய ஒரு படிநிலையாகிவிடுகிறான். ஓவியத்தில் அவன் அப்படியே நிற்கிறான். அவனை எவரும் அவசரப்படுத்தவில்லை. காயமுற்றவரிடம் ‘மன்னித்துவிடு’ என்று உடனே அறிவுரைக்கும் சமயச் சூழலில் இவ்வேறுபாடு சிறிதன்று.

ஓவியரின் வாழ்வும் இங்கு இடையிடுகிறது. மனைவி சாஸ்கியா 1642-இல் இறந்தபின், மகன் டைட்டஸை வளர்த்தவர் கீர்ட்யே டிர்க்ஸ். ரெம்பிராண்ட் திருமண வாக்கை மீறினார் என்று அவர் 1649-இல் வழக்காடினார். மறு ஆண்டே ரெம்பிராண்டின் முயற்சியால் கௌடா நகரத்துப் பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டு, 1655-இல்தான் வெளிவந்தார். இவ்வோவியத்தை அக்குற்றத்துக்கான கழுவாய் எனக் கூறுவோர் உளர். அதை ஏற்க இயலவில்லை. தீங்கிழைத்தவன் தந்தையின் மடியில் முகம் புதைப்பதும் தீங்குற்றவளிடம் மன்னிப்புக் கேட்பதும் ஒன்றல்ல. கீர்ட்யேயின் குரல் வழக்காவணங்களில்தான் எஞ்சியிருக்கிறது. ஓவியத்தில் அவருக்கு உருவம் இல்லை. ஆயினும் அவர் நிலையில் உள்ள ஒருவர் இவ்வோவியத்தின் முன் வந்தால், மண்டியிட்டவனின் முதுகைத் தாண்டி, கை கோத்து நிற்பவரின் முகத்தையே முதலில் காண்பார்.