பத்தைக் கொட்டி இரண்டைத் தரும் பானை

சிலிபின் லூர்து மாதா கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் ஒட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேசை ஈரத்தைத் துடைத்து, பாய் விரித்து, தே ஓ ஐஸ் டம்ளரைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு அண்ணன் மகனும் அவன் கூட்டாளியும் யூ-கி-ஓ கார்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் டர்னிலேயே பையன் ஒரு மந்திரக் கார்டை வைத்தான். பல்லை இளிக்கும் பானைப் படம். வைத்த கையோடு, டெக்கின் மேலிருந்து பத்துக் கார்டை எண்ணி, முகம் காட்டாமல் ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கினான். அப்புறம் இரண்டே இரண்டு கார்டு எடுத்துக்கொண்டான்.

“ஏன்டா, பத்தைக் குடுத்து ரெண்டு வாங்குற?”

“அந்தக் கார்டே அப்படித்தான் சித்தப்பா.”

அந்த ஆட்டத்தில் அவன் தோற்றான். தோற்றதும் முதல் வேலையாக ஒதுக்கிய பத்தையும் புரட்டினான். அதில் ஒரு கார்டைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினான். “பாத்தீங்களா? இருந்ததே ஒண்ணுதான்லா. இதுல போயிருச்சு.”

கார்டின் பெயர் பாட் ஆஃப் டிசையர்ஸ், ஆசைப் பானை. 2016-இல் வந்தது. ஜப்பானில் அதன் பெயருக்குப் பேராசையும் பொருளாசையும் கொண்ட பானை என்று பொருள். முன்பே இருந்த இரண்டு பானைக் கார்டுகளின் பெயர்களைச் சேர்த்து ஒட்டியது. அவற்றில் மூத்தது பாட் ஆஃப் கிரீட். எந்த விலையும் இல்லாமல் இரண்டு கார்டு எடுக்கலாம் என்பதுதான் அதன் வேலை. அதனாலேயே போட்டி ஆட்டங்களில் அது பல வருஷமாகத் தடையில் கிடக்கிறது. சும்மா கிடைக்கும் இரண்டு கார்டு ஆட்டத்தையே கெடுத்துவிடும் என்று ஆட்டத்தை வெளியிடும் கொனாமி நிறுவனம் நினைக்கிறது. அப்படியானால் அதே இரண்டு கார்டுக்கு என்ன விலை வைத்தால் நியாயம்? டெக்கில் குறைந்தது 40, அதிகம் போனால் 60 கார்டு. பெரும்பாலோர் 40-தான் வைப்பார்கள். அதில் பத்து, முகம் கவிழ்த்து. அப்படிப் போனவை அநேகமாகத் திரும்பாது. ஒரு டர்னுக்கு ஒரு பானைதான் என்ற கட்டும் உண்டு.

கேட்டவுடன் கொள்ளையாகத் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது. அந்த மயக்கத்தைத்தான் முதலில் தெளிய வைக்க வேண்டும்.

பையன் பத்தைப் புரட்டி முடித்ததும், மேசையில் மிச்சமிருந்த டெக்கை நான் எடுத்துப் புரட்டினேன். ஆட்டம் முடிந்தபோது எந்தக் கைக்கும் வராமல் கிடந்தவை அவை. அதிலும் அவன் ஆசையாக வைத்திருந்த இரண்டு கார்டு இருந்தன. “இது ரெண்டும் உனக்கு வரலயே. இதுக்கு ஏன் வயிறு எரியல?” என்றேன். பேசாமல் இருந்தான். பிறகு, “அது டெக்லதானே இருக்கு” என்றான்.

டெக்கில் இருந்து என்ன பயன்? நன்றாகக் கலைத்த கட்டில் மேலே இருக்கும் இரண்டு கார்டுக்கும், பதினொன்றாவது பன்னிரண்டாவது கார்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஐந்து கார்டு கைக்கு வந்தபின் மிச்சம் 35. அதில் உனக்கு உதவக்கூடியவை 12 என்று வைத்துக்கொள். மேலிருந்து இரண்டு எடுத்தால் குறைந்தது ஒன்றாவது உதவும் கார்டாக வர வாய்ப்பு 57.5 சதவீதம். பத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு எடுத்தாலும் அதே 57.5. ஒதுக்கிய பத்தில் நல்லது போயிருக்கலாம். அதே அளவுக்குக் குப்பையும் போயிருக்கலாம், நல்லது மேலே ஏறி வந்திருக்கலாம். போனது கண்ணுக்குத் தெரிகிறது, ஏறி வந்தது தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நாலைந்து டர்னில் முடிந்துபோகிற ஆட்டத்தில் டெக்கின் அடியில் கிடக்கும் கார்டுகளுக்கும் வெளியே ஒதுக்கிய கார்டுகளுக்கும் ஒரே கதிதான்.

எங்கள் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நிரை பிடித்து, மங்கு துடைத்து, உளியால் பட்டையை மெல்லிசாக, கிட்டத்தட்டத் தாள் கனத்துக்குச் சீவுவார். கொஞ்சம் அழுத்திச் சீவினால் கங்காணி சத்தம் போடுவார், ஏனென்றால் பட்டைதான் மரத்தின் முதல். வெட்டிய பட்டை மறுபடி வளர வருஷக்கணக்கில் ஆகும். ஆனால் மறுநடவுக்கு மரத்தைச் சாய்க்கப் போகும் கடைசிக் காலத்தில் நிலைமை தலைகீழ். ஏணி வைத்து உயரத்தில் வெட்டச் சொல்வார்கள், இரண்டு பக்கமும் வெட்டச் சொல்வார்கள். பட்டை போகுதே என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். பட்டை அதே பட்டைதான். இனி அதற்கு ஒரு நாளைக்கும் தேவை இல்லை என்பதால் அதன் விலை பூஜ்யம். பானைக்குக் கொட்டுகிற பத்துக் கார்டு பெரும்பாலும் இந்தக் கடைசி வருஷத்துப் பட்டை.

கூட்டுச் சீட்டு அப்படியல்ல. ஏலக் கூட்டில் அவசரத்துக்குப் பணம் எடுப்பவர் தள்ளுபடி சொல்லி எடுப்பார். அந்தத் தள்ளுபடி உண்மையான நஷ்டம், பையிலிருந்து போகிற வெள்ளி. (1971-லேயே கூட்டு நிதிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது; சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் ‘கூட்டு’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தடை வந்தும் லயத்தில் யார் நிறுத்தினார்கள் என்பது வேறு கதை.) பானையைப் பார்த்ததும் நமக்குக் கூட்டுச் சீட்டு நினைவுக்கு வருகிறது, பால்மரம் நினைவுக்கு வருவதில்லை. புதிதாக ஆட வருபவன் இந்தக் கார்டைத் தொடப் பயப்படுவது அதனால்தான்.

விலையைப் பற்றிய இதே குழப்பத்தை இன்னோர் ஆட்டத்தில் நம் நாட்டுக்காரர் பெயரில் வந்த ஒரு கார்டிலும் பார்க்கலாம். மலேசியாவின் டெர்ரி சோ 2005-இல் மேஜிக் ஆட்டத்தின் இன்விடேஷனல் போட்டியை வென்றார். வென்றவர் முகம் ஒரு கார்டில் வரும் என்பது பரிசு. 2006-இல் டிசென்ஷன் தொகுப்பில் வந்த ராக்டோஸ் ஆகர்மேஜ்தான் அவர் கார்டு. அது ஓர் உயிரினக் கார்டு, மந்திரம் இல்லை. ஆனால் அதன் சக்தி விசித்திரமானது. முதலில் நீ உன் கையைக் காட்ட வேண்டும், எதிராளி ஒன்றைத் தேர்ந்து தூக்கி எறியச் சொல்வான். அப்புறம்தான் அவன் கையை நீ பார்த்து ஒன்றை எறியச் சொல்லலாம். படித்தால் சமமான பேரம், அதிலும் நஷ்டம் முதலில் உனக்கு. கையைக் காலி பண்ணிவிட்டு அதை இயக்கிப் பார்த்தால் பேரமே மாறிவிடுகிறது: எறிய உன்னிடம் ஒன்றுமில்லை, அவனுக்கு மட்டும் போகிறது. அந்த நேரத்தில் உன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான் அதன் விலையைத் தீர்மானிக்கிறது.

ஆக, பானை இலவசமா? அரைகுறையாகக் கணக்குப் போட்டவன் இந்த இடத்தில் நின்றுவிடுவான். நானும் ஒரு வாரம் இங்கேயே நின்றேன். ‘போனது போனதுதான், கவலைப்படாதே’ என்று பையனுக்கு உபதேசம்கூட செய்தேன். அது தப்பு.

மேலே போட்ட கணக்கு, டெக்கை ஒரு வரிசையாக நினைக்கிறது. மேலிருந்து ஒவ்வொன்றாக வரும், அவ்வளவுதான் என்று. இப்போதைய யூ-கி-ஓ டெக் வரிசை இல்லை, அலமாரி. கையில் ஒரு கார்டு வந்தால் அது டெக்கைத் திறந்து, குறிப்பிட்ட இன்னொரு கார்டை எடுத்துக்கொடுக்கும். அது மூன்றாவதைக் கூப்பிடும். கூப்பிடுகிற கார்டை மூன்று வைப்பார்கள், விதி அனுமதிப்பதும் மூன்றுதான். கூப்பிடப்படுகிற கார்டை ஒன்றே ஒன்று வைப்பார்கள், ஏனென்றால் அது நேராகக் கைக்கு வந்தால் வீண். அலமாரியில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. இந்த வகை ஆட்டத்தில் டெக்கின் அடியில் கிடக்கும் கார்டும் வெளியே ஒதுக்கிய கார்டும் ஒன்றல்ல. அடியில் கிடப்பதைக் கூப்பிட்டால் வரும். ஒதுக்கியது வராது. பையன் தூக்கிக் காட்டிய கார்டு இந்த ரகம். அவன் வயிற்றெரிச்சலில் பாதி நியாயம் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

கணக்கு இப்படி வருகிறது. 35 கார்டுக்குள் ஒற்றைப் பிரதியாக இருக்கும் ஒரு கார்டு, பத்தில் அடிபட வாய்ப்பு 28.6 சதவீதம். இரண்டு பிரதி இருந்தால் இரண்டும் அடிபட 7.6. மூன்று பிரதியும் ஒன்றாகப் போக 1.8-தான். ஆனால் ஒற்றைப் பிரதி ஒன்றோடு நிற்பதில்லை. டெக்கில் மூன்று வெவ்வேறு ஒற்றைகள் இருந்தால், குறைந்தது ஒன்றாவது போக 64.9 சதவீதம். ஐந்து இருந்தால் 83.6.

இதைச் சமாளிக்க ஒற்றைகளை இரட்டையாக்குகிறார்கள். 28.6 சட்டென்று 7.6-க்கு இறங்குகிறது, நல்லதுதான். ஆனால் அந்த இரண்டாவது பிரதி நாற்பதில் ஓர் இடத்தை அடைக்கிறது. கைக்கு வந்தால் வெறும் காகிதம். பானையே மூன்று இடம். அதோடு இப்படி இரண்டோ மூன்றோ. கார்டில் அச்சாகாத இந்த விலையை வீட்டில் உட்கார்ந்து டெக் கட்டும்போதே கொடுத்துவிடுகிறோம், அதனால் யாரும் அதை விலை என்று எண்ணுவதில்லை. என் கணக்கில் பானையின் உண்மையான செலவு இதுதான். மேசையில் கண்ணுக்குத் தெரிகிற பத்துக் கார்டு அதற்கு அடுத்தபடிதான்.

இன்னொரு பயம் ஆஷ் பிளாசம். எதிராளி கையிலிருந்தே வீசி, டெக்கிலிருந்து கார்டு எடுப்பதைத் தடுக்கும் கார்டு, 2017-இல் வந்தது. பானை வாசகத்தின் நடுவில் ஓர் அரைப்புள்ளி உண்டு. அதற்கு முன்னால் இருப்பது விலை, பின்னால் இருப்பது பலன். ஆஷ் பிளாசம் பலனை மட்டும்தான் தடுக்கும், கட்டிய விலை திரும்பாது. பத்தும் போய், இரண்டும் வராமல், பையன்கள் தலையில் கை வைக்கும் காட்சி அது. ஆனால் நிதானமாகப் பார்த்தால் அவன் ஒரு கார்டு செலவழித்தான், நீ ஒரு கார்டு இழந்தாய். அந்த ஆஷ் பிளாசம் உன் முக்கியமான தேடல் கார்டின்மேல் விழவில்லை என்பது லாபக் கணக்கில் வர வேண்டும். அப்படியானால் பானையை முதலில் வைத்து அடியை வாங்கிக்கொள்வதா, இல்லை முதலில் தேடி ஒற்றைப் பிரதியைப் பத்திரமாக எடுத்துவிட்டுப் பிறகு பானையா? ஆட்டக்காரர்கள் விடிய விடியப் பேசுகிற கேள்வி இது. ஒற்றைகள் அதிகமானால் தேடல் முதலில், எதிராளியிடம் தடுப்பு இருக்கும் என்று மூக்கு வேர்த்தால் பானை முதலில் என்பது என் கட்சி.

எத்தனை பானை வைப்பது என்பதில் நான் இரண்டு என்றுதான் இருந்தேன். ஒரு பானை வைத்தால் டெக்கில் மிச்சம் 23. அடுத்த டர்னில் ஒன்று எடுத்து, இரண்டாவது பானையும் வைத்தால் மிச்சம் 10. அதற்கடுத்த டர்னில் 9. மூன்றாவது பானைக்குக் கட்டவே கார்டு இல்லை. கையில் இருந்தாலும் செத்த கார்டு. பிறகு எதற்கு மூன்று? முதலாவதைப் பார்ப்பதற்கு. மூன்று வைத்தால் தொடக்கக் கையில் ஒன்றாவது வர 33.8 சதவீதம், இரண்டு வைத்தால் 23.7. மூன்று வைத்ததால் ஒரே கையில் இரண்டு பானை வந்து முழிப்பது 3.6 சதவீதம்தான். பத்து சதவீத லாபத்துக்கு இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே மூன்று, இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம். நடுவில் நிற்பதற்குக் காரணம் தெரியவில்லை.

கொட்டிய பத்தையே ஆயுதமாக்குகிற டெக்கும் ஒன்று உண்டு. கிரென் மாஜு ட எய்ஸா என்ற அசுரனின் பலம், நீ ஒதுக்கிய கார்டு எண்ணிக்கை பெருக்கல் 400. ஒரு பானைக்கு 4000. இரண்டு பானைக்கு 8000, அதாவது எதிராளி ஆட்டம் தொடங்கும்போது வைத்திருக்கும் உயிர்ப் புள்ளி முழுவதும். விலையே பலனாகிவிடும் இந்த டெக்கைப் பெரிய ஞானம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தடுப்புக் கார்டு விழுந்தால் அசுரன் சாமான் மூட்டை மாதிரி உட்கார்ந்துவிடுவான். ஆனாலும் ஒட்டுக்கடை மேசையில் அது வெல்வதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

என் தீர்ப்பு: ஒரே வேலையைச் செய்யும் கார்டுகளை மூன்று மூன்றாக அடுக்கி, வந்ததை வைத்து ஆடுகிற டெக்குக்கு ஆசைப் பானை மிக மலிவு. அதில் பானை வைக்கப் பயப்படுபவன் பட்டையை அணைத்துக்கொண்டு மறுநடவுக்குக் காத்திருக்கிறான். ஒற்றைகளை நம்பிச் சங்கிலி கோக்கிற டெக்குக்கு அது நிஜமாகவே விலை உயர்ந்தது. இரண்டு ஒற்றை வரை தாங்கும். மூன்றைத் தாண்டினால் வேண்டாம். எல்லை சரியாக எங்கே என்பதை அந்தந்த ஒற்றை எவ்வளவு அவசியம் என்பதை வைத்து நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் ஐந்து ஒற்றை வைத்துக்கொண்டு பானையும் வைப்பவனுக்கு நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்.

போன வாரம் பையனின் டெக்கை மேசையில் பரப்பி ஒற்றைகளைத் தனியே எடுத்து வைத்தோம். ஏழு. ஏழும் 35-க்குள் இருந்தால் ஒரு பானைக்குச் சராசரியாக இரண்டு போகும், ஒன்றும் போகாமல் தப்பிக்க 7 சதவீதம்தான் என்று டிஷ்யூ தாளில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான்.

“அப்ப அன்னைக்கு நான் புலம்புனது சரிதானே?”

“கார்டு போனதுக்குப் புலம்புனியே, அது தப்பு. அந்த டெக்ல பானையை வச்சதுக்குப் புலம்பியிருந்தா சரி.”

மூன்று பானையையும் உறையோடு உருவி எடுத்தான். தூக்கிப் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கூட்டாளியிடம் கிரென் மாஜு இரண்டு இருக்கிறதாம், மூன்றாவதை எங்கே பிடிப்பது என்று கேட்டுக்கொண்டே தே ஓவைக் குனிந்து எடுத்தான்.