மாரி என்னும் பெயர்

மாரியம்மன் வழிபாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கின்றனர். மாரி என்பது மழையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல், கபிலர் பாரியின் கொடைக்கு இணையாகக் கூறியது இம்மாரியையே (புறம். 107), ஆகவே இவள் மழைத் தெய்வம் என்பர் ஒரு சாரார். கொள்ளைநோயையும் சாவையும் குறிக்கும் வடசொல்லே இப்பெயரின் மூலம். ஆகவே இவள் அம்மைநோய்த் தெய்வம் என்பர் மற்றொரு சாரார். இரண்டனுள் ஒன்றையே கொள்ளுதல் வேண்டும் என்னும் எண்ணம் இரு சாரார்க்கும் பொது. அவ்வெண்ணமே பிழை என்பது என் கருத்து.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையை நோக்குக. கண்ணகிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின் பாண்டிநாடு மழையின்றி வறண்டது. வறட்சியைத் தொடர்ந்து வெப்புநோயும் குருவும் பரவின. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் நங்கைக்குப் பலியூட்டி, விழாவெடுத்துச் சாந்தி செய்ய, மழை பெய்தது. நோயும் துன்பமும் நீங்கின. குரு என்றது உடம்பில் எழும் கொப்புளத்தை. மழை ஒரு தெய்வத்தின் ஆட்சி, நோய் மற்றொரு தெய்வத்தின் ஆட்சி என்னும் பாகுபாடு இங்கில்லை. நிலம் வெதும்பியதும் உடல் வெதும்பியதும் ஒருத்தியின் சினத்தால். இரண்டும் தணிந்தது ஒரே விழாவால். உரைபெறு கட்டுரை இளங்கோவடிகள் வாக்கன்று, பின்னோர் சேர்த்தது என்பாரும் உளர். அவ்வாறே கொள்ளினும் சான்றின் வலி குன்றாது. புலவர் ஒருவரின் கற்பனை என்று ஒதுக்க இடமின்றி, அது நாட்டு மக்களின் நம்பிக்கைக்கு இன்னும் அணுக்கமாகும். கண்ணகியே மாரியாயினாள் என்னும் கூற்றுக்கு யான் உடன்படுவதாகக் கொள்ளற்க. வரலாற்றுத் தொடர்ச்சியை நிறுவக் கருத்தொப்புமை மட்டும் போதாது.

வழக்கு மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. நோய் கண்ட பிள்ளைக்கு 'அம்மை வார்த்திருக்கிறது' என்பர். வார்த்தல் நீருக்குரிய வினை. கொப்புளத்தை 'முத்து' என்பர். நோய் நீங்கியமைக்கு அடையாளம் தலைக்குத் தண்ணீர் ஊற்றுதல். வருவதும் வார்த்தலால், போவதும் வார்த்தலால்! மாரியம்மன் தாலாட்டும் முத்தினை இறக்குமாறு அம்மையை வேண்டுகின்றது. அதனை அச்சத்தாற் பிறந்த மந்திரமாக மட்டும் படிப்போர், அது தாலாட்டாக அமைந்தமையை மறந்துவிடுகின்றனர். தாயையே மகவாக்கிக் கண்வளர்த்தும் பாட்டு சினத்தை எதிர்ப்பதன்று, ஆற்றுவது. செழியன் செய்த சாந்தியும் அதுவே. இந்நூலுக்குரிய இடத்தை நம் இலக்கிய வரலாறு இன்னும் அளித்திலது.

பிறநாட்டு வழிபாடு ஒன்றனோடு ஒப்பிடின் இவ்வியல்பு தெளிவுறும். 2016இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற வியத்நாமிய அன்னையர் வழிபாட்டில், வானுக்கு ஓர் அன்னை, நீருக்கு ஓர் அன்னை, மலைக்கும் காட்டுக்கும் ஓர் அன்னை; அவர்க்குரிய நிறங்களும் சிவப்பு, வெள்ளை, பச்சை என வேறுபடும். நம் சாமியாட்டம் போன்று தெய்வமேறி ஆடுதல் அங்கும் உண்டு. எனினும் ஆட்சி பகுக்கப்பட்டுள்ளது. இங்கோ ஒருத்தியே அனைத்தையும் தாங்குகின்றாள். (அந்நாட்டு வோ கான் கல்வெட்டில் வரும் 'ஸ்ரீமார' என்னும் பெயரைப் பாண்டிய மாறனாக்கி உறவு கொண்டாடுவோர் வழியில் யான் செல்லவில்லை.)

இனி, விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். கரிசற் காட்டில், வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் கொண்டுள்ளாள். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆறுகள் இவை. இந்தியாவில் பெரியம்மை 1975இல் ஒழிந்தது. 1977இல் அஃது உறுதிசெய்யப்பட்டது. நோய்த் தெய்வம் என்பார் கூற்று முழுதும் மெய்யாயின், அதன்பின் ஆடிக் கடைசி வெள்ளியில் கூடும் மக்கள் திரள் தேய்ந்திருத்தல் வேண்டும். தேயவில்லை.

மழைத் தெய்வம் என்பாரும் மகிழ வேண்டுவதில்லை. சிவகாசி வட்டாரத்தில் 1920களில் தீப்பெட்டித் தொழிலும் அதனைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் வேரூன்றியமைக்கு மழை குறைந்த வறள்வானிலையும் ஒரு காரணம். மருந்தும் குச்சியும் வெயிலிற் காயவேண்டும். மழைநாள் கூலியற்ற நாள். மழையை வேண்டாத் தொழிலோர் மாரியைப் பணிதல் முரணன்றோ எனின், அன்று. அவர்கள் வேண்டுவது மழையை அன்று, தணிவை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். வெப்பு என்பது அவ்வூர்களில் உருவகமன்று. விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலில் தீச்சட்டி ஏந்தி வருவோர், கனலுக்கும் கைக்கும் இடையே வைத்திருப்பது ஒரு கொத்து வேப்பிலையே.