யாருடைய பாரிஸ் டிக்கெட்?

கத்துகிற பாஸைச் சமாளித்துவிடலாம். கத்தாத பாஸ் இருக்கிறாரே... அவர்தான் டேஞ்சர்!

'தி டெவில் வேர்ஸ் பிராடா' (2006) படத்தின் மிராண்டா அந்த ரகம். நியூயார்க் ஃபேஷன் பத்திரிகை ஆசிரியை. மெரில் ஸ்ட்ரீப் குரலை உயர்த்துவதே இல்லை. கோட்டையும் ஹேண்ட்பேகையும் உதவியாளர் மேஜையில் வீசுவதோடு சரி. நமக்கே வயிற்றைக் கலக்குகிறது!

அப்போதைய 'வோக்' ஆசிரியை அன்னா வின்டூரிடம் உதவியாளராக இருந்த லாரன் வைஸ்பெர்கர், 2003-ல் எழுதிய நாவல்தான் மூலக்கதை. நாவலில் பாஸ் வெறும் ராட்சசி. படத்தில் அவருக்கு மூளையும் உண்டு. இரண்டு பெல்ட்டுக்கு நடுவே வித்தியாசம் தெரியாமல் சிரித்துவிடுகிறாள் புது உதவியாளர் ஆண்டி. அவள் போட்டிருக்கும் மலிவு விலை ப்ளூ ஸ்வெட்டரின் நிறமே தங்களைப் போன்றவர்கள் தேர்ந்தெடுத்ததுதான் என்று பாடம் எடுக்கிறார் மிராண்டா. சிடுமூஞ்சியிடமும் தொழில் கத்துக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி இல்லை.

ஆனால், புயலில் ஃப்ளைட் பிடி, வெளிவராத ஹாரி பாட்டரின் பிரதியைக் கொண்டு வா என்பதெல்லாம் என்ன தொழில்? அது வெறும் அதிகாரம். படம் இரண்டையும் ஒரே தமாஷாக்கி விடுகிறது. சொத்தையும் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதினால் எங்கள் அக்கவுண்டன்சி சார் நோட்டைத் தூக்கி எறிவார்!

படத்தின் உயிர், பாரிஸ் கார் காட்சி. தன் நாற்காலியைக் காப்பாற்ற, நம்பிக்கையான நைஜலுக்கு வரவேண்டிய பதவியை வேறொருத்திக்குத் தந்துவிடுகிறார் மிராண்டா. ஆண்டி அதிர்ச்சியாகிறாள். 'நீயும் எமிலிக்கு அதைத்தானே செய்தாய்' என்கிற மாதிரி சொல்கிறார் பாஸ். உண்மைதான். எமிலி ஆசை ஆசையாகக் காத்திருந்த பாரிஸ் பயணம் அது.

எனக்குச் சுரீர் என்றது. முப்பது வயதில், டெல்லிக்குப் போய் பட்ஜெட் கவர் பண்ணும் வாய்ப்பு எனக்கு வந்தது. முறைப்படி அது ஒரு சீனியருடையது. "அவர்கிட்ட நீயே சொல்லிடு" என்றார் பாஸ். சொன்னேன். "போயிட்டு வாப்பா" என்றார் அவர், தலை நிமிராமல். பாஸிடம் 'வேண்டாம் சார்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுவரை அவரைத் திட்டித் தீர்த்தவன், அன்று அவருடைய ஆளாகிவிட்டேன்.

ஆண்டி செல்போனை நீரூற்றில் வீசிவிட்டு நடக்கிறாள். சபாஷ்! ஆனால், அவளுக்கு அடுத்த வேலை கிடைக்க மிராண்டாவே நல்ல வார்த்தை சொல்வதாக முடிக்கிறார்களே, அங்கேதான் சறுக்கல். நம்மூர் பாஸ்கள் ரிலீவிங் ஆர்டர் தரவே மாசக்கணக்கில் அலைய விடுவார்கள். பதவி பறிபோன நைஜல் என்ன ஆனார் என்று படம் சொல்லவே இல்லை.

கஷ்டமான பாஸ் திட்டினால் வீட்டுக்குப் போய்ப் புலம்பலாம். திடீரென்று பரிசு கொடுத்தால் மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அது யார் கணக்கிலிருந்து எடுத்தது என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். நான் பார்க்கவில்லை.