இப்னு லஹீஆவின் அறிவிப்புகள்: ஒரு மதிப்பீடு

ஹதீஸ் என்பது செய்தியும் (மத்ன்) அதைக் கொண்டுவந்தவர்களின் அறிவிப்பாளர் தொடரும் (இஸ்னாத்) சேர்ந்தது. தொடரிலுள்ள ஒவ்வொருவரிடமும் நேர்மை, துல்லியம் ஆகிய இரண்டும் தேடப்படுகின்றன. நேர்மையானவரின் துல்லியம் முதுமையில் குறையலாம். எனவே ஓர் அறிவிப்பாளருக்கு ஒரே தரம் சூட்டுவது எப்போதும் போதாது. இதற்கு எகிப்தின் காழியாக (நீதிபதி) இருந்த அப்துல்லாஹ் இப்னு லஹீஆ (இறப்பு ஹி. 174 / கி.பி. 790) தெளிவான சான்று.

அவர் ஏராளமான ஹதீஸ்களைத் திரட்டி எழுதிவைத்தவர். ஏறத்தாழ ஹி. 170இல் அவருடைய ஏடுகள் எரிந்துபோயின என்றும், அதன்பின் அறிவித்தவற்றில் குழப்பம் (இஃக்திலாத்) நேர்ந்தது என்றும் கூறப்படுகிறது. இதனால் அவரிடம் முற்காலத்தில் கேட்ட மாணவர்களை அறிஞர்கள் தனியே பிரித்தனர். அப்துல்லாஹ் இப்னுல் முபாரக், அப்துல்லாஹ் இப்னு வஹ்ப், அப்துல்லாஹ் இப்னு யஸீத் அல்முக்ரி ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (இறப்பு ஹி. 852) 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலில் இப்னு லஹீஆவை உண்மையாளர் என்கிறார். முதல் இருவரும் அவர் வழியாக அறிவிப்பவை பிறருடையதைவிடச் சீரானவை என்றும் குறிப்பிடுகிறார்.

இப்பிரிவினை பயனுள்ளது, எனினும் முழுமையானதன்று. ஏடுகளில் சில மட்டுமே எரிந்தன என்ற கூற்றும் உண்டு. யஹ்யா இப்னு மயீன் (இறப்பு ஹி. 233) அவரைத் தீ விபத்துக்கு முன்பும் பின்பும் பலவீனமானவராகவே கருதினார். இப்னு ஹிப்பான் (இறப்பு ஹி. 354) அவருடைய முற்கால அறிவிப்புகளில் வேறொரு குறையைக் கண்டார். இடையிலிருந்த பலவீனமானவர்களின் பெயரை விட்டுவிட்டு, அவர்களுக்கு மேலுள்ளவரிடமிருந்து வந்ததுபோல் அறிவிக்கும் தத்லீஸ்தான் அது. தீயை மட்டும் காரணமாகக் கொண்டால் இக்குறை கண்ணில் படாது.

மேலும், கேட்ட காலம் பெரும்பாலும் தொடரிலேயே எழுதப்பட்டிருப்பதில்லை. மாணவர் யார் என்பதைக் கொண்டே அது கணிக்கப்படுகிறது. மாணவரின் காலம் தெளிவாகாத இடத்தில், வேறொரு தொடர் அதே செய்தியை உறுதிப்படுத்துகிறதா என்று பார்க்க வேண்டியுள்ளது. இமாம் முஸ்லிமும் தம் தொகுப்பில் இப்னு லஹீஆவைத் தனித்து ஆதாரமாகக் கொள்ளாமல், மற்றோர் அறிவிப்பாளருடன் இணைத்தே ஏற்றுள்ளார்.

எனவே "இப்னு லஹீஆ பலவீனமானவர்" என்ற ஒற்றை வரியைக் கொண்டு அவர் அறிவித்த அனைத்தையும் தள்ளுவது அவசரமான முடிவு. இப்னு வஹ்பின் பெயரைக் கண்டவுடன் ஏற்பதும் அவ்வாறே. அவரிடமிருந்து கேட்டவர் யார், தம் ஆசிரியரிடம் நேரில் கேட்டதாக அவர் தெளிவாகச் சொல்கிறாரா, துணைத் தொடர் உண்டா ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே அந்தக் குறிப்பிட்ட ஹதீஸின் தரத்தைக் கூற இயலும்.